பங்காளி வீடு, ஆணி அடிக்க முடியாது: ஒத்திகை அறைச் சுவருக்கு என்ன செய்யலாம்?

பள்ளத்தூர்_மேல்வீடு:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

வேலையில இருந்து ஓய்வு வாங்கிட்டு ரெண்டு வருஷமா பள்ளத்தூர்ல எங்க ஐயா காலத்து வீட்டுல இருக்கேன். வயலின் வாசிப்பேன். சின்ன வயசுல கத்துக்கிட்டது, நடுவுல முப்பது வருஷம் பெட்டிக்குள்ளயே கிடந்துச்சு. இப்ப ஞாயித்துக்கிழமை தவறாம நாலு பேர் கூடுறோம். தங்கச்சி மக பாடும். காரைக்குடியில இருந்து ஒரு கணக்கு வாத்தியார் மிருதங்கத்தைத் தோள்ல மாட்டிக்கிட்டு பைக்ல வருவாரு. மானாமதுரைப் பையன் ஒருத்தன் கடம். கடத்தை மடியில வச்சுக்கிட்டே பஸ்ஸுல வருவான். இன்னிவரைக்கும் எந்தக் கண்டக்டரும் அதுக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டதில்லையாம். உடைஞ்சா யாரு பதில் சொல்றதுன்னு பயமா இருக்கும்.

வாசிக்கிறது மேல்வீட்டு ஹால்ல. நீளம் 22 அடி, அகலம் 12, உயரம் 13. தரை ஆத்தங்குடிக் கல்லு. சுவரு பழைய சுண்ணாம்புப் பூச்சு, முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தேய்ச்சு வழுவழுப்பாக்கினது. சித்திரை வெயில்லயும் கன்னத்தை வச்சா சில்லுனு இருக்கும். மேலே தேக்கு உத்தரம், அதுக்கு மேல செங்கல் அடுக்கின தளம். ஒரு சுவர்ல பெரிய பெரிய படங்க, எல்லாம் கண்ணாடி போட்டது. மெத்துன்னு ஒரு சாமான் அந்த அறையில கிடையாது.

கையைத் தட்டுனா சத்தம் அங்கயே நிக்க மாட்டேங்குது. வளவுல, அதான் வீட்டு நடு முற்றத்துல, புறாக்கூட்டம் ஒண்ணா எழுந்து பறக்குமே, அந்த மாதிரி 'டர்ர்ர்'னு ஒரு இழுப்பு. வயலின்ல வேகமா ஒரு சங்கதி போட்டா முந்தின ஸ்வரம் எந்திரிச்சுப் போகாம அடுத்தது மேலயே உக்காந்துக்குது. மிருதங்கத்துல 'தரிகிட'வோட நாலு எழுத்தும் ஒரே எழுத்தாயிருது. வாத்தியார் தொப்பியில (மிருதங்கத்தோட இடது பக்கம்) கும்கி, அதாவது கையால வழுக்கி எழுப்புற கீழ் நாதம், இழுக்கும்போது, இழுப்பு பாதி வந்ததும் ஒரு இடத்துல மட்டும் அறையே சேர்ந்து 'ஹூம்'னு முனகுது. கடம் காதைக் குடையுது. ஒருத்தர் சத்தம் இன்னொருத்தருக்குத் தெளிவாக் கேக்காததால ஒவ்வொருத்தரும் ஒரு படி ஏத்தி வாசிக்கிறோம். அரை மணி நேரத்துல செவ்வாய்ச்சந்தை ஆயிருது.

போன வாரம் ஒரு பலூனை ஊதி உடைச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணிப் பார்த்தேன். சத்தம் முழுசா அடங்க ரெண்டரை செகண்ட் கிட்ட ஆகுது.

வளவுலயே வாசிச்சா என்னன்னு கேப்பீங்க. அருமையா இருக்கும், வாசிச்சும் பார்த்தோம். ஆனா அது பொது இடம். கீழ ஒரு பங்காளி வீட்டுக் காவல்காரர் பத்து மணிக்குப் படுத்துருவாரு. பகல்ல உச்சி வெயில் நேரா இறங்கும். பத்தாததுக்குப் பக்கத்துத் தோட்டத்து மயிலு. தங்கச்சி மக கல்யாணி எடுத்தா அதுவும் எடுக்கும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இந்த வீட்டுக்கு நாங்க ஏழு புள்ளி, அதாவது பங்கு உள்ள ஏழு குடும்பம். மத்த ஆறு பேரும் மலேசியா, சென்னை, கோயம்புத்தூர்னு இருக்காங்க. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வருஷத்துல ஒரு தடவை எல்லாரும் வந்து இறங்குவாங்க, அப்ப மேல்வீட்டு ஹால்ல பதினஞ்சு பேர் படுக்கணும். அதனால சுவர்ல ஒரு ஆணி அடிக்க எனக்கு உரிமை கிடையாது. பசை ஒட்டவும் முடியாது. வைக்கிறது எதுவா இருந்தாலும் ஒரே நாள்ல எடுத்து ஓரமா அடுக்குற மாதிரி இருக்கணும்.

மதுரையில இருந்து ஒரு கடைக்காரர் வந்து பார்த்தாரு. சுவரைத் தட்டிப் பார்த்துட்டு, 'மரப்பட்டி அடிச்சு பேனல் ஏத்திரலாம் சார்'னாரு. எத்தனை ஓட்டை போடுவீங்கன்னு கேட்டேன். 'ஒரு நூத்தம்பது வரும்'னாரு. காபி குடுத்து அனுப்பிட்டேன்.

ஃபோம் நல்லதா, ராக்வூலா (கல்லை உருக்கி இழையாக்கின பஞ்சு), திரைச்சீலையா? எவ்வளவு வேணும்? கைப்பட செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

பேஸ்கிடார்_கோவை:

சார், ரொம்ப யோசிக்காதீங்க. ஆன்லைன்ல ஒரு அடிக்கு ஒரு அடி ஃபோம் துண்டு பாக்கெட்டா வருது. நான் என் ரூம்ல டபுள் சைடு டேப்ல ஒட்டிட்டேன். பார்க்கவும் ஸ்டூடியோ மாதிரி இருக்கு. காசு கம்மியா வேணும்னா முட்டை ட்ரே. சவுண்ட் வெளியவும் போகாது.

ரிக்கார்டிங்_தம்பி:

கோவை நண்பர் கோவிச்சுக்க வேணாம், ஆனா மூணுமே தப்பு.

அண்ணே, நான் காரைக்குடியில சின்னதா ஒரு ரிக்கார்டிங் ரூம் வச்சிருக்கேன். ஆரம்பத்துல எங்க மாமா வீட்டு அறையில, உங்க வீட்டு மாதிரியே சுண்ணாம்புச் சுவர்ல, ஃபோமை டேப் போட்டு ஒட்டினேன். முதல் மழைக்காலத்துல பாதி விழுந்துச்சு. விழுந்தது தனியா விழல. தோசைக்கல்லுல ஒட்டுன தோசையைச் சுரண்டுற மாதிரி பூச்சோட மேல்தோலையும் உரிச்சுக்கிட்டு வந்துச்சு. அந்த வழுவழுப்பை இப்பத் திரும்பக் கொண்டுவர ஆள் தேடணும், கூலியும் தாங்காது. மாமா இன்னும் முகம் குடுத்துப் பேசல.

முட்டை ட்ரே வெறும் அட்டை. சத்தத்தைக் குடிக்கிற கனமும் அதுக்குக் கிடையாது, தடிமனும் கிடையாது. ஒரு இஞ்ச் ஃபோம் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலதான் உருப்படியா வேலை செய்யும். மேல இருக்கிற 'ஸ்ஸ்' எல்லாத்தையும் குடிச்சுட்டு கீழ இருக்கிற 'ஹூம்'மை அப்படியே விட்டுரும். உங்க அறை அப்ப போர்வைக்குள்ள இருந்து தவில் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு, நெருப்பு. ஒத்திகைக்கு முன்னாடி விளக்கேத்துவீங்க, ஊதுபத்தி கொளுத்துவீங்க. 2003 பிப்ரவரியில அமெரிக்காவுல ரோட் ஐலண்ட் மாகாணத்துல ஒரு இரவு விடுதி. மேடைச் சுவர்ல ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோம்ல வாணவேடிக்கைப் பொறி பட்டுச்சு, 100 பேர் போயிட்டாங்க. சாதா பேக்கிங் ஃபோமைச் சாயம் அடிச்சு 'அக்கூஸ்டிக்'னு விக்கிறதும் நடக்குது.

வெளிய போற சத்தம் வேற விவகாரம். உள்ள எதிரொலிக்காம இருக்கிறதுக்கும் வெளிய கேக்காம இருக்கிறதுக்கும் சம்பந்தம் ரொம்பக் கம்மி. வெளிய போறதைத் தடுக்கக் கனம் வேணும், சந்து இல்லாம இருக்கணும். உங்க சுவரு எப்படியும் முக்கால் ஒரு முழம் இருக்கும், அது போதும். கதவு ஜன்னல் இடுக்குலதான் ஒழுகும். அதைப் பிறகு பார்க்கலாம்.

உங்க கணக்குக்கு வர்றேன். அறையோட கன அளவு 22 பெருக்கல் 12 பெருக்கல் 13, அதாவது 3432 கன அடி. இதை 0.049ஆல பெருக்கி, சத்தம் அடங்குற செகண்டால வகுத்தா, அறையில எத்தனை சதுர அடி 'உறிஞ்சல்' இருக்குன்னு வரும். சபைன் சூத்திரம்னு பேரு. 168 வகுத்தல் இரண்டரை, சுமார் 67 சதுர அடி. உங்களுக்கு 0.8 செகண்ட் கிட்ட இருந்தா சுகமா இருக்கும். அதுக்கு 210 வேணும். குறையறது 143. நாலு பேரு உக்காந்தா உடம்பும் துணியும் சேர்ந்து ஆளுக்கு நாலஞ்சு குடிக்கும். ஆக இன்னும் 125 சதுர அடி கிட்ட சேக்கணும்.

அந்த சபைன் கதையும் சொல்லிர்றேன், உங்களுக்குப் பிடிக்கும். 1895ல ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல புதுசா கட்டின ஃபாக் அருங்காட்சியக அரங்குல பாடம் நடத்துனா ஒரு வார்த்தை விளங்கல. சத்தம் அடங்க அஞ்சரை செகண்ட். வாலஸ் சபைன்கிற சின்ன வயசு பௌதிக வாத்தியார் தலையில அந்த வேலையைக் கட்டினாங்க. அவரு என்ன பண்ணாரு, பக்கத்து சாண்டர்ஸ் தியேட்டர் நாற்காலி மெத்தைகளை ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு வந்து, கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு, ஒவ்வொரு தடவையும் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி நேரம் அளந்தாரு. விடியறதுக்குள்ள மெத்தை திரும்பப் போயாகணும். உறிஞ்சலுக்கு அவரு வச்ச அளவுகோல் திறந்த ஜன்னல். ஜன்னல் வழியாப் போன சத்தம் திரும்பி வராதில்ல. உங்க வளவு ஏன் நல்லா இருக்குன்னா, தலைக்கு மேல வானமே ஒரு திறந்த ஜன்னல்.

என்ன வாங்கலாம்: ரெண்டு இஞ்ச் ராக்வூல் பலகை, கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி. ரீப்பர் கட்டையில நாலுக்கு ரெண்டு ஃப்ரேம் அடிச்சு, பலகையை உள்ள வச்சு, துணியால மூடி, கீழ குறுக்குக் கால் வச்சு நிறுத்துங்க. ஒண்ணு எட்டு சதுர அடி. பதினாறு வேணும்னு கணக்கு சொல்லும். ஆனா சுவரை விட்டுத் தள்ளி நிறுத்துனா முதுகுப் பக்கமும் குடிக்கும், அதனால பன்னெண்டுல முடிஞ்சுரும். தள்ளி வைக்கிறதுல இன்னொரு லாபம், கீழ் சத்தத்துலயும் கொஞ்சம் பிடிக்கும். 100 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் பதினோரு அடிக்கு மேல. அதுக்கு ரெண்டு இஞ்ச் பலகை சுவரோட ஒட்டி இருந்தா, தெரு வழியாப் போற யானைக்கு வாசப்படியில பாய் விரிச்ச கதைதான்.

துணி எதுன்னா, வாயை வச்சு ஊதிப் பாருங்க, அந்தப் பக்கம் காத்து வரணும். வரலைன்னா அந்தத் துணி வேணாம். ராக்வூல் அறுக்கும்போது முகமூடி, கையுறை, முழுக்கை சட்டை.

அந்த 'டர்ர்ர்' நேருக்கு நேர் நிக்கிற ரெண்டு நீளச் சுவருக்கு நடுவுல சத்தம் பந்தாடுறது. 12 அடின்னா செகண்டுக்கு நாப்பத்தெட்டு தடவை கிட்ட போயிட்டு வரும். ரெண்டு சுவரையும் மூடணும்னு அவசியமில்ல. ஒரு பக்கம் பேனல் இருக்கிற இடத்துக்கு எதிர்ப் பக்கம் வெறுமையா விட்டு, மாத்தி மாத்தி வைங்க.

தேவகோட்டை_ஆச்சி:

தம்பி, நான் வயசானவ, பாட்டு கேப்பேன், வாசிக்கத் தெரியாது. பேரன் இதைப் படிச்சுக் காட்டுனான்.

முதல்ல ஒண்ணு. சுவர்ல ரப்பரு, பிளாஸ்டிக்குன்னு எதையும் அப்பாதீக. சுண்ணாம்புச் சுவரு மழையில ஈரம் வாங்கும், வெயில்ல விட்டுரும். அதை மூடிப்புட்டா உள்ளுக்குள்ள புழுங்கி உப்புப் பூத்துப் பொரிஞ்சுரும். எங்க வீட்டு ரெண்டாங்கட்டுல சிமிண்டு பூசிவிட்டாக, பத்து வருஷத்துல பாளம் பாளமா விழுந்துச்சு. ரிக்கார்டிங் தம்பி சுவரை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்றாரு பாருங்க, சத்தத்துக்கோ எதுக்கோ, சுவருக்கும் அதுதான் நல்லது.

ரெண்டாவது. அந்த வெள்ளைக்காரரு மெத்தையைத் தூக்கிட்டுப் போனாருன்னு சொல்லுறாகளே, உங்க வீட்டுல மெத்தை இல்லையா? ஏழு புள்ளி வீடு! எங்க ஆத்தா எனக்குக் குடுத்த சீர்ல இலவம்பஞ்சு மெத்தை மட்டும் ஆறு. நாப்பது வருஷமா மேல ரூம்ல கட்டி வச்சிருக்கேன், கல்யாணத்துக்கு நாலு பேர் வந்தா விரிப்பேன். உங்க வீட்டு ஆச்சிமாரு கொண்டாந்தது எல்லாம் அங்கதான எங்கயாச்சும் கிடக்கும். காசு குடுத்து வாங்குறதுக்கு முன்ன அதைச் சுவரோரம் நிறுத்திப் பாருங்க. எலி இருக்கும், பார்த்துத் தூக்குங்க.

அந்தக் காலத்துல கல்யாணத்துக்கு வளவுல ஜமுக்காளம் விரிச்சுக் கச்சேரி வச்சாக. மைக்கு கிடையாது. முகப்புல உக்காந்திருக்கிற கிழவருக்கும் சாகித்தியம் விளங்கும்.

மிருதங்கம்_புதுக்கோட்டை:

ஆச்சி சொன்னது சரி, முதல்ல இருக்கிறதை வச்சுப் பாருங்க.

தொப்பி முனகுறதுக்கு ரெண்டு வழி சொல்றேன், காசே ஆகாது. ஒண்ணு, உக்காருற இடம். அறைக்கு நட்டநடுவுலயோ சுவரோட ஒட்டியோ மிருதங்கம் இருக்கக் கூடாது. நீளத்துல மூணுல ஒரு பங்கு வந்து, அகலத்துலயும் நடுவை விட்டு ஒரு முழம் தள்ளி உக்காரச் சொல்லுங்க. ஒரு அடி நகந்தாலே வேற அறை மாதிரி இருக்கும். ரெண்டு, தொப்பி நடுவுல பிசைஞ்சு ஒட்டுற ரவை. உங்க வாத்தியார் சபாவுக்கு அப்புற மாதிரி தாராளமா ரவை அப்புவாரு போல. அந்த அறைக்குக் கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்க. தொப்பி ஒரு இழை மேல ஏறும், அறை முனகுற இடத்தை விட்டு விலகிரும்.

வாத்தியார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ரவை விஷயத்துல எல்லாருக்கும் ரோஷம் வரும்.

பள்ளத்தூர்_மேல்வீடு:

ஆச்சி, கும்பிட்டுக்கிறேன். நீங்க எழுதுனதைப் படிச்ச மறுநாளே பெட்டக அறையைத் திறந்தேன். பதினோரு மெத்தை.

பழைய சேலையில மூட்டையாக் கட்டி, ஒண்ணு மேல ஒண்ணா உத்தரம் வரைக்கும் அடுக்கியிருந்துச்சு. வசம்பு வாசனை இன்னும் போகல. ஒண்ணுல எலி குடும்பம் நடத்தியிருந்துச்சு, அதை அப்படியே வெளியில கொண்டுபோய்ப் போட்டாச்சு. மிச்சம் பத்தும் கோடு போட்ட கெட்டித்துணி, ஒவ்வொரு மெத்தையோட ஓரத்துலயும் சிவப்பு நூல்ல விலாசம் தைச்சிருக்கு. பாத்திரத்துல பேரு வெட்டுற மாதிரியே. எங்க அப்பத்தா விலாசம் போட்டது ரெண்டு. அதைத் தனியா எடுத்து வச்சேன், ஏன்னு தெரியல. ஆக எட்டு. நாலஞ்சு நாள் மொட்டை மாடியில வெயில் காட்டுனோம். வெயில் பட்டதும் பஞ்சு உப்பி மெத்தை ஒவ்வொண்ணும் கர்ப்பிணி மாதிரி ஆயிருச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில கடப்பையனும் நானும் சாப்பாட்டு பெஞ்சுகளைச் சுவரோரமாப் போட்டு, அது மேல மெத்தைகளை நெட்டுக்குத்தா சாய்ச்சு நிறுத்துனோம். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவுல ஒரு சாண். தம்பி சொன்ன மாதிரி நேர் எதிர் வராம மாத்தி மாத்தி. கையைத் தட்டுனேன். 'டப்'. அவ்வளவுதான். புறா பறக்கல. பையன் என்னைப் பார்த்தான், நான் பையனைப் பார்த்தேன், ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கை தட்டிக்கிட்டே இருந்தோம். கீழ இருந்து காவல்காரர் என்னமோ ஏதோன்னு ஏறி வந்துட்டாரு.

எல்லாரும் வந்ததும் வாசிச்சோம். மிருதங்கத்துல எழுத்து எழுத்தா விழுந்துச்சு. வாத்தியார் 'இப்பத்தான் நான் பண்ற தப்பு எனக்கே கேக்குது'ன்னாரு. என் வயலின்ல வில்லு திரும்புற இடத்துல ஒரு சொரசொரப்பு இருக்கு, அது இத்தனை நாள் அறையோட குழம்புல மறைஞ்சிருந்திருக்கு. அதைப் பத்தி நான் இங்க மேற்கொண்டு எழுதப் போறதில்ல.

ஆனா பாடுற புள்ளைக்குப் பிடிக்கல. ரெண்டாவது உருப்படியிலயே நிறுத்திருச்சு. 'அம்மான், பாட்டு வாயை விட்டு வெளிய போகவே மாட்டேங்குது. பஞ்சுக்குள்ள பாடுற மாதிரி இருக்கு, தொண்டை வலிக்குது'ன்னுச்சு. பலூன் உடைச்சுப் பார்த்தேன். அரை செகண்டு கிட்டதான் வருது. எட்டு மெத்தை, ஒண்ணு ஆறுக்கு மூணு, 144 சதுர அடி. அதுலயும் பின்பக்கம் வேற. தம்பி கணக்குக்கு அதிகமாயிருச்சு.

அதுக்குப் பிறகு ஒவ்வொண்ணா எடுத்தோம். ஏழு, ஆறு, அஞ்சு. ஒவ்வொரு தடவையும் புள்ளை ஒரே வரியைப் பாடும், பாடி முடிச்சுத் தலையை ஆட்டும். அஞ்சுல நின்னோம். பாடுற ஆளுக்கு நேர் எதிர்ச் சுவரை முழுசா வெறுமையா விட்டுட்டு, மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் பக்கத்துல மட்டும் மெத்தை. இப்ப குரல் போய்ச் சுவரைத் தொட்டுட்டுத் திரும்பி வருது, அதுக்கும் தெம்பா இருக்கு.

தொப்பி விவகாரம் பாதி தீர்ந்துச்சு. வாத்தியாரை ஜன்னல் பக்கமா ஒரு முழம் நகத்துனேன். ரவையைப் பத்தி நேரா சொல்ல தைரியம் வரல. 'இன்னிக்கு ரவை கொஞ்சம் கம்மியா இருக்கு வாத்தியாரே, கடையில தீந்துருச்சாம்'னு சொல்லி ஒரு கரண்டிதான் குடுத்தேன். முனகல் குறைஞ்சிருக்கு, போகல.

தம்பி, அந்த முனகலுக்கு என்ன செய்யலாம்? படைப்புக்கு மெத்தை எல்லாத்தையும் திரும்ப விரிக்கணும். அதனால ஃப்ரேம் செஞ்சுதான் ஆகணும்.

ரிக்கார்டிங்_தம்பி:

அண்ணே, நீங்க சபைனைவிட வேகமா முடிச்சுட்டீங்க.

பாடுறவங்க எதிர்ச் சுவரை வெறுமையா விட்டது ரொம்ப சரி. நம்ம சங்கீதத்துக்கு அறை முழுசாச் செத்துரக் கூடாது. சினிமா டப்பிங் தியேட்டர் மாதிரி ஆக்கிட்டா தம்புரா கூடத் தனியா நிக்கும். அதனால 0.8னு நான் சொன்னதையும் வேதவாக்கா எடுத்துக்காதீங்க, அந்தப் புள்ளை தலையாட்டுறதுதான் அளவு.

முனகலோட காரணம் உங்க அறை அளவுலயே இருக்கு. அகலம் 12, உயரம் 13, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. 12 அடிக்கு 48 ஹெர்ட்ஸ் கிட்ட ஒரு தேங்கல் வரும், அதாவது அந்தச் சத்தம் மட்டும் ரெண்டு பக்கமும் மோதி அங்கயே தேங்கி நிக்கும், 13 அடிக்கு 44. அதோட இரட்டிப்பு 96, 88. அக்கம்பக்கத்துல ஜோடி ஜோடியா உக்காந்திருக்கு. கும்கி கீழ இருந்து வழுக்கி மேல ஏறும்போது அந்த இடத்தைத் தாண்டும், தாண்டுற நிமிஷம் அறையும் சேர்ந்து பாடும். நீங்க முதல் பதிவுல 'இழுப்பு பாதி வந்ததும்'னு எழுதுனீங்களே, அப்பவே நினைச்சேன். ஒவ்வொரு அடியிலயும் வந்திருந்தா வேற காரணம் தேடணும்.

அதுக்கு மூலைதான் இடம். கீழ் சத்தம் மூலையிலதான் அதிகமா அழுத்தும். நாலு மூலையில ரெண்டையாவது கனமா அடைங்க. நாலு இஞ்ச் தடிமன் ஃப்ரேம், ரெண்டு ராக்வூல் பலகையைச் சேர்த்து வச்சு, ஆறடி உயரத்துக்கு, மூலையில குறுக்கா நிறுத்துங்க. பின்னாடி முக்கோணமா காலி இடம் இருக்கட்டும், அது சும்மா இல்ல, அதுவும் வேலை செய்யும். சுவர்ப் பேனல் ஒரு எட்டு போதும்னு இப்பத் தோணுது. மூலைக்கு ரெண்டு. பத்து ஃப்ரேம்ல முடியும்.

முனகல் முழுசா போயிரும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். பாதிக்கு மேல போகும்.

கால் கட்டைக்கு அடியில ரப்பர் குமிழ் வைங்க. ஆத்தங்குடிக் கல்லு கீறாது, கட்டையும் தரையோட ஒட்டாது. நம்ம ஊர்க் கரையானைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

தேவகோட்டை_ஆச்சி:

தம்பி, துணிக்குக் கண்டாங்கிச் சேலை போடுங்க. பழசு, துவைச்சுத் துவைச்சு நூல் விட்டுப்போன பருத்திக் கண்டாங்கி. காத்து நல்லா போகும், கட்டமும் பார்வையா இருக்கும். புதுசு கஞ்சியோட விறைப்பா இருக்கும், வேணாம்.

உங்க அப்பத்தா மெத்தையை எடுத்து வச்சீகளே, நல்லது.

பள்ளத்தூர்_மேல்வீடு:

முதல் ஃப்ரேம் முடிஞ்சாச்சு. கோட்டையூர் ஆசாரி வந்து செஞ்சாரு. அவருக்கு விளங்க வைக்கத்தான் நேரமாச்சு. 'அண்ணே, இது கதவும் இல்ல, ஜன்னலும் இல்ல, படமும் இல்ல. என்னன்னு பில் எழுதுறது?'ன்னாரு. மறைப்புன்னு எழுதச் சொன்னேன்.

தங்கச்சி அவளோட ஆறு கண்டாங்கியைக் குடுத்துட்டா. அரக்குக் கட்டம் போட்டதை முதல்ல ஏத்தினோம். தேக்கு ரீப்பருக்கும் அதுக்கும் ஜோடி பொருந்திப் போச்சு. மலேசியா பங்காளிக்குப் படம் அனுப்புனேன். அவரு கேட்ட முதல் கேள்வி, 'ஆணி அடிச்சியா?' அடிக்கலைன்னு சுவரையும் தனியாப் படம் பிடிச்சு அனுப்புன பிறகுதான் நல்லா இருக்குன்னு பதில் வந்துச்சு. படைப்புக்கு வர்றப்போ அவரு வீட்டம்மா பாடுவாங்களாம். இத்தனை வருஷத்துல எங்களுக்கு இது தெரியாது.

ஒரு சந்தேகம். ராக்வூலை நானே அறுத்தேன். வெக்கையா இருந்துச்சுன்னு கைச்சட்டையை மடிச்சு விட்டுட்டேன். முழங்கை வரைக்கும் இப்பத் தாங்க முடியாத அரிப்பு. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

ரிக்கார்டிங்_தம்பி:

முழுக்கைன்னு எழுதியிருந்தேனே அண்ணே. எண்ணெய் வேணாம், தேய்க்கவும் வேணாம். குழாயைத் திறந்து விட்டு நிறைய தண்ணியில கையைக் காட்டுங்க. அப்பவும் குத்துச்சுன்னா செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்க, இழை அதோட வந்துரும். அந்தச் சட்டையை வீட்டுத் துணியோட சேர்த்துத் துவைக்காதீங்க.